பாதையை விட்டுக் கட்டிய சுவர்

அரியலூர் கோர்ட்டில் கறுப்பு கோட்டு மாட்டிக்கொண்டு நின்ற காலம் வரை என் வேலை என்ன என்பதில் அம்மாவுக்குச் சந்தேகம் வந்ததில்லை. பல்கலைக்கழகத்தில் சட்ட அலுவலராகச் சேர்ந்த பிறகுதான் வந்தது.

"கோர்ட்டுக்கும் போவல, ஜட்ஜு முன்னாடி நின்னு பேசவும் இல்ல. காலைல பஸ் ஏறிப் போற, சாயங்காலம் வர்ற. அங்க என்னதான் பண்ற?"

"கேஸ் வராமப் பாத்துக்கிறேம்மா."

"வராத கேஸுக்கு வக்கீலு எதுக்கு?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

எங்கள் ஊர் விக்கிரமங்கலம் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவு நட்டும் களை எடுத்தும் எங்களை வளர்த்தவர்கள். எங்களுக்கென்று ஒரு குழி நிலம் இருந்ததில்லை. இப்போது அண்ணன் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். தங்கை அரசு மருத்துவமனையில் நர்ஸ். நான் சட்டம் படித்தேன். சில வருடம் அரியலூரில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். பிறகு, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் சோளக்காட்டையும் பருத்திக்காட்டையும் தாண்டி எழும்பியிருந்த அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன்.

நான் போகும் வரை அங்கே சட்டப் பிரிவு என்று ஒன்று கிடையாது. நோட்டீஸ் வந்தால் திருச்சியிலிருந்து ஒரு வக்கீலை அழைப்பார்கள், அவ்வளவுதான். எனக்கு நிர்வாகக் கட்டடத்தின் தரைத்தளத்தில், தேர்வுப் பிரிவை அடுத்து ஓர் அறை கொடுத்தார்கள். மெஸ் ஒப்பந்தம், வெளிநாட்டுக் கல்லூரியோடு போடும் புரிந்துணர்வு ஒப்பந்தம், மாணவர் மீது எடுக்கும் நடவடிக்கை, பேராசிரியர்களின் பணி விவகாரம் என்று எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகவேண்டும் என்று ஆனது. பரீட்சையில் பிட் அடித்ததாக ஒரு பையனைக் கல்லூரியை விட்டு நீக்க உத்தரவு தயாராக இருந்தது. "அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?" என்றேன். கேட்டிருக்கவில்லை. கேட்டபோது, பிட் அவனுடையது இல்லை என்று தெரிந்தது. அந்தப் பையனுக்கு என்னை யாரென்றே தெரியாது. படித்து முடித்துப் போய்விட்டான். என் வேலை பெரும்பாலும் இப்படித்தான்.

இந்த வேலையில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, கட்சிக்காரர் யார் என்பது. வெளியே வக்கீலாக இருந்தபோது கட்சிக்காரர் எதிரே வந்து உட்காருவார், அழுவார், திட்டுவார். பல்கலைக்கழகம் அப்படி வந்து உட்காராது. அதன் பெயரால் பதிவாளர் பேசுவார், அல்லது வேந்தர் பேசுவார். அவர்கள் ஒரு கோபத்தில் சொல்வதும் பல்கலைக்கழகத்துக்கு நல்லதும் எப்போதும் ஒன்றாக இருக்காது. அந்த இடத்தில்தான் எனக்குச் சம்பளம். இதை நான் வாயால் சொல்லிக்கொண்டு திரிந்தேனே தவிர, உண்மையில் புரிந்துகொண்டது சுவர் விவகாரத்தில்தான்.

வளாகத்தின் தென்பக்கம் அப்போது சுவர் கிடையாது. கம்பிவேலிதான், அதுவும் அங்கங்கே விழுந்து கிடந்தது. பெண்கள் விடுதிப் பக்கம் யாரோ பைக்கில் வந்து வட்டமடித்துவிட்டுப் போனார்கள். பெற்றோர்கள் பயந்து போனார்கள். சுற்றுச்சுவர் எழுப்புவதென்று நிர்வாகம் முடிவு செய்தது. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அளவுக்கல் நட ஆள் போனபோது பக்கத்து ஊர்க் காலனி ஜனங்கள் வந்து மறித்துவிட்டார்கள். பதிவாளர் என்னை அழைத்தார்.

பதிவாளர் இயற்பியல் பேராசிரியராக இருந்து அந்தப் பதவிக்கு வந்தவர். கண்ணியமான மனிதர். ஆனால் எதையும் தாளில் பார்த்தால்தான் நம்புவார்.

"பட்டா நம்ம பேர்ல இருக்கு மேடம். புலப்படத்துல பாதைன்னு ஒரு கோடு கூட இல்ல. அவங்க சும்மா வந்து மறிக்கிறாங்க. தடை உத்தரவு வாங்குறதுக்கு மனு ரெடி பண்ணுங்க."

"பண்றேன் சார். அதுக்கு முன்னாடி இடத்தை ஒரு தடவை பாத்துட்டு வந்துர்றேன்."

"இடத்துல பாக்க என்ன இருக்கு?"

எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் போனேன். கட்டடப் பொறியாளர் கூட வந்தார். வயதில் என்னைவிடச் சின்னவர், பேச்சில் பணிவு. வேலியைத் தாண்டி, பல்கலைக்கழகத்தின் பட்டாவிலேயே இருந்த காட்டுக்குள் நடந்தபோது பாதை தானாகவே காலுக்குக் கீழே வந்து சேர்ந்துகொண்டது. இரண்டு பக்கமும் புல் முழங்கால் உயரம். நடுவே மட்டும் மண் இறுகி, வெளுத்துப் போய், ஒரு செடி முளைக்காமல் நீண்டு போனது.

ஒரு வேப்பமரத்தடியில் அந்தப் பெண்மணி நின்றிருந்தார். அந்த ஊரின் வார்டு உறுப்பினர். நூறு நாள் வேலையிலிருந்து நேராக வந்தவர்போல, சேலை மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. நாங்கள் வருவது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"நீங்கதான் காலேஜு வக்கீலா?"

"ஆமாங்கக்கா."

"எங்க மேல கேஸ் போடப் போறீங்களாமே?"

"இன்னும் போடல. இது எங்க போற பாதைன்னு பாக்க வந்தேன்."

"இடுகாட்டுக்குப் போற பாதை. வேற எங்க போவும்?" என்றவர் மரத்தடியைக் காட்டினார். அங்கே மண்ணில் பழைய பொரியும், வாடிச் சருகான சாமந்தியும் கிடந்தன. "இந்த எடத்துலதான் பாடையை எறக்குவோம். தலமாடு கால்மாடு மாத்தித் தூக்குவாங்க. பொம்பளைங்க நாங்க இதுக்கு மேல போவ மாட்டோம். கடைசியா மொகத்தப் பாத்துட்டு இங்கருந்துதான் வூட்டுக்குத் திரும்புவோம். எங்க மாமியார நான் இங்கதான் கடைசியாப் பாத்தேன். அவங்க அவங்க மாமியார இங்கதான் பாத்திருப்பாங்க."

பொறியாளர் மெல்ல, "ஏரிக்கரையைச் சுத்திப் போனா இடுகாட்டுக்கு இன்னொரு வழி இருக்கு மேடம்" என்றார்.

"அதுல நீ ஒருக்கா நடந்து பாரு தம்பி" என்றார் அந்த அக்கா.

நான் நடந்தேன். சீமைக்கருவேல முள் சேலையைப் பிடித்து இழுத்தது. மதகு ஓரத்தில் செருப்பு சேற்றில் புதைந்து, கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். மழைக்காலத்தில் அங்கே ஒருவர் தனியாக வருவதே கஷ்டம். தோளில் ஓர் உடலைச் சுமந்துகொண்டு நால்வர் வர முடியாது. எங்கள் ஊரிலும் எங்கள் தெருவின் இடுகாட்டுக்கு அப்படித்தான் வயல் வரப்பு வழி. அப்பாவை எடுத்துப் போன அன்று தூக்கியவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கியதும், அண்ணன் பாய்ந்து போய்த் தோள் கொடுத்ததும் எனக்கு நினைவுக்கு வந்தன. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வக்கீலாக வந்த இடத்தில் அது சாட்சியம் ஆகாது.

அறைக்குத் திரும்பி, மனுவுக்குப் பதிலாகச் சட்டக் கருத்துரை ஒன்றை எழுதினேன். பட்டா நம்முடையதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக யாரையும் கேட்காமல், யாரும் தடுக்காமல் வெளிப்படையாக நடந்து வந்த வழிக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. நிலம் கைமாறினாலும் அது மாறாது. எனவே வழக்குப் போட வேண்டாம். பாதையை விட்டுவிட்டுச் சுவர் கட்டலாம்.

பதிவாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் கேட்டது மனு."

"நீங்க கேட்டது பல்கலைக்கழகத்துக்கு எது நல்லதோ அது சார். இதுதான்."

"திருச்சி வக்கீல்ட்ட பேசிட்டேன். தடை உத்தரவு கண்டிப்பா கிடைக்கும்ங்கிறாரு."

"கிடைக்கலாம். முதல் நாள் கிடைக்கும். சாட்சி ஏறின பிறகு நிக்காது."

அவர் கேட்டார், "தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்களும் அந்த மாதிரி குடும்பத்துலருந்து வந்தவங்க. அதனால…"

முகம் சுட்டது.

"அதனால அந்தப் பாதை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் சார். சட்டம் என்ன சொல்லுதுங்கிறது புத்தகத்துல இருக்கு. அதை யார் படிச்சாலும் ஒண்ணுதான். எழுதினதுல ஒரு வரி தப்புன்னு அந்தத் திருச்சி வக்கீல் சொல்லட்டும், நான் திருத்திக்கிறேன்."

அவர் கருத்துரையைக் கோப்பில் வைத்து ஓரமாகத் தள்ளினார். மனு போடவும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரமே கடைக்கால் தோண்ட ஜேசிபி வந்தது.

கடைக்கால் பாதையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போனது. வேப்பமரம் சுவருக்கு உட்பக்கம் வருகிற மாதிரி கோடு போட்டிருந்தார்கள். நான் இன்னொரு முறை எழுதிக் கொடுத்தேன். பதிவாளர் சென்னையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரம். பொறியாளர் போன் செய்தார். மூச்சு வாங்கியது.

"மேடம், உடனே வாங்க. ஊர்ல ஒருத்தர் இறந்துட்டாராம். எடுத்துட்டு வராங்க. செக்யூரிட்டிய எல்லாம் பள்ளத்து ஓரமா நிறுத்திட்டாங்க."

நான் ஓடினேன். அந்த வயதில் அப்படி ஓட முடியும் என்று அதற்கு முன் தெரியாது. காட்டுக்குள் நுழையும்போதே பறைச் சத்தம் கேட்டது. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நீலச் சட்டைக் காவலர்கள் வரிசையாக நின்றார்கள், கையில் தடியோடு. அவர்களிலும் பாதிப்பேர் சுற்று வட்டார ஊர்க்காரர்கள்தான். யார் முகத்திலும் தெளிவில்லை. அந்தப் பக்கம் பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு நால்வர். பின்னால் ஊரே நின்றது. இறந்தவர் நடு வயதுக்காரர். திருச்சி ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து, அன்று விடியலில் போனவர். அவர் மனைவியை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். இளைஞர்கள் சிலர் முன்னால் வந்து கத்திக்கொண்டிருந்தார்கள். பறை நின்றுவிட்டது. கத்தலைவிட அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

வார்டு உறுப்பினர் என்னைப் பார்த்தார்.

பதிவாளருக்குப் போன் போட்டேன்.

"சார், பாடை பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது. பள்ளத்தை மூடச் சொல்லப் போறேன்."

"அவசரப்படாதீங்க. போலீஸுக்குச் சொல்லியாச்சு. வர்ற வரைக்கும் நிறுத்தி வைங்க."

"பொணத்தை நிறுத்தி வைக்க முடியாது சார். சவ ஊர்வலத்தை மறிக்கிறது குற்றம். இந்த ஜனங்களை இடுகாட்டுக்குப் போற வழியில மறிச்சா, வன்கொடுமைச் சட்டத்துல கேஸ் வரும். லேசுல ஜாமீன் கிடைக்காது. செக்யூரிட்டி மேல மட்டும் இல்ல, உத்தரவு போட்டவங்க மேலயும் வரும். போலீஸ் வந்தா முதல்ல அவங்க கேட்கப்போற கேள்வி, யார் மறிக்கச் சொன்னதுங்கிறதுதான்."

சென்னையின் வாகனச் சத்தத்துக்கு நடுவே அவர் கேட்டார்:

"இது உங்க பொறுப்புன்னு எடுத்துக்கிறீங்களா?"

"என் பொறுப்பு சார். எழுத்துல தரேன்."

"…சரி."

பொறியாளர் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையசைத்ததும், "ஏப்பா, வண்டிய எடு! மூடு!" என்று அவர் கத்திய கத்தலில் ஜேசிபி ஓட்டுநர் திடுக்கிட்டுத் தாவி ஏறினார். காவலர்களை ஓரமாகப் போகச் சொன்னேன். அவர்கள் தடியைக் கீழே போட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே, ஜேசிபி தள்ளிய மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

புது மண் மேல் அந்த நால்வரும் நிதானமாகக் கால் வைத்து ஏறி வந்தார்கள். பறை மறுபடி ஒலித்தது. வேப்பமரத்தடியில் பாடையை இறக்கினார்கள். அந்தப் பெண் குனிந்து கணவன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். நான் தள்ளி நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். தலைமாடு மாற்றித் தூக்கிப் போன பிறகு பெண்கள் திரும்பினார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது வார்டு உறுப்பினர் ஒரு கணம் என் கையைப் பிடித்துவிட்டுப் போனார். அவர் கை காய்ப்பேறிச் சொரசொரவென்று இருந்தது. அம்மாவின் கையும் அப்படித்தான்.

அன்றே பொறுப்பேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். அரியலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, ஏலாக்குறிச்சி கோவிலுக்குப் போகும் குடும்பம் ஒன்று எனக்கும் முறுக்கு நீட்டியது. பசி அப்போதுதான் தெரிந்தது. வாங்கித் தின்றேன். வருத்தம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால், அவ்வளவு லேசாக நான் அந்தப் பஸ்ஸில் போனதே இல்லை.

பதிவாளர் திரும்பி வந்ததும் வேந்தர் அறைக்கு அழைத்தார்கள். போனபோது, மேசை மேல் நான் எழுதிய இரண்டு கருத்துரைகளும் இருந்தன. அவற்றை அங்கே வைத்தவர் பதிவாளர். அது எனக்கு அப்போது தெரியாது.

வேந்தர் சுற்றி வளைக்காமல் கேட்டார். "கோர்ட்டுக்குப் போனா ஜெயிப்போமா, மாட்டோமா?"

"கொஞ்ச நாள் ஜெயிப்போம் சார். அப்புறம் தோப்போம். அதுக்குள்ள ஒவ்வொரு சாவுக்கும் இங்க போலீஸ் நிக்கும். நம்ம பிள்ளைங்க விடுதி ஜன்னல்லருந்து அதைப் பாப்பாங்க."

"சுவர் வேணுமே. பொண்ணுங்க பாதுகாப்பு?"

"சுவர் கட்டுங்க சார். பாதையோட ரெண்டு பக்கமும் கட்டுங்க. பாதையும் வேப்பமரமும் வெளியில இருக்கட்டும். அந்தாண்ட இருக்கிற நம்ம விளையாட்டு மைதானத்துக்குப் போக, பாதையைக் கடக்கிற இடத்துல நமக்கு ரெண்டு கேட் வச்சுக்கலாம். பூட்டும் சாவியும் நம்மகிட்ட. வழி அவங்ககிட்ட."

பொறியாளர் வரைபடத்தை விரித்தார். அவர் அதை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார். நான் கேட்காமலே.

வேந்தர் பதிவாளரைப் பார்த்தார். பதிவாளர் சொன்னார்: "அன்னைக்கு மேடம் அங்க இல்லன்னா, இன்னைக்கு நாம இந்த ரூம்ல உக்காந்து பேசிட்டிருக்க மாட்டோம் சார்."

என் வாழ்க்கையில் எத்தனையோ தீர்ப்புகளைக் கேட்டிருக்கிறேன். எதுவும் என்னை அப்படி நிமிர்த்தி உட்கார வைத்ததில்லை.

வேந்தர் சம்மதித்தார். பாதையை ஊருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரத்தை நான்தான் எழுதினேன். சார்பதிவாளர் அலுவலகத்து நடையில் எழுதாமல், வாசித்தால் புரிகிற தமிழில் எழுதினேன். ஒரு சொல்லில் மட்டும் பதிவாளருக்கும் எனக்கும் இழுபறி. நான் 'உரிமை' என்று எழுதிய இடத்தில் அவர் 'அனுமதி' என்று திருத்தியிருந்தார்.

"அனுமதின்னு போட்டா நாளைக்கு வேற பதிவாளர் வந்து வாபஸ் வாங்கலாம் சார். அப்ப மறுபடி பள்ளம், மறுபடி போலீஸ். நம்மளைக் காப்பாத்தப் போறதும் இந்த 'உரிமை'தான்."

அவர் பேனாவை எடுத்துத் தன் திருத்தத்தை அடித்துவிட்டு, என் சொல்லை மறுபடி எழுதினார். தன் கையாலேயே.

வரைவை ஊரில் போய்ப் படித்தோம். பாதை அகலம் போதாது என்றார்கள். இப்போதெல்லாம் பூப்பல்லக்கு கட்டுகிறார்கள், இருபுறமும் பறை அடிப்பவர்கள் வரவேண்டும். பொறியாளர் தலையைச் சொறிந்துவிட்டு வரைபடத்தில் சுவரை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார். பதிவு நாளன்று வார்டு உறுப்பினர் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து, சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். பல்கலைக்கழகத்தின் சார்பில் பதிவாளர் போட்டார். முடிந்ததும் எல்லோருமாக எதிர்க்கடையில் டீ குடித்தோம்.

இன்று சுவர் நிற்கிறது. விடுதிப் பக்கம் எந்தப் பைக்கும் வருவதில்லை. யாராவது இறந்தால் ஊரிலிருந்து காவலர் அறைக்கு ஒரு போன் வரும். பாதையின் குறுக்கே மைதானத்துக்குப் போகும் மாணவர்களைக் காவலர்கள் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பார்கள். நிறுத்தும்படி சுற்றறிக்கை போட்டவர் பதிவாளர். அதில் சட்டம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மரியாதை என்று மட்டும் எழுதியிருந்தார். அவர் இப்போது எந்தக் கோப்பிலும் முடிவெடுக்கும் முன் என் அறைக்கு அனுப்புகிறார். சில சமயம் தானே நடந்து வந்து, "இதுல நான் எங்க தப்புப் பண்றேன், சொல்லுங்க" என்று எதிரே உட்காருகிறார்.

போன மாதம் வார்டு உறுப்பினர் என் அறைக்கு வந்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கல்லுடைக்கும் ஆலை வரப்போகிறதாம். தடுக்க மனு எழுதித் தரவேண்டும் என்றார்.

"என்னால முடியாதுக்கா. நான் யூனிவர்சிட்டி வக்கீல். வெளிக் கேஸ் எடுக்கக் கூடாது" என்றேன். "அரியலூர் கோர்ட்டு வளாகத்துல இலவச சட்ட உதவி மையம் இருக்கு. நேராப் போங்க. நல்ல பொண்ணு ஒருத்தி இருக்கா, நான் சொல்லி வைக்கிறேன்."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அன்னைக்கும் நீ எங்க ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லல. காலேஜு ஆளாத்தான் நின்ன. அதனாலதான் அவங்களும் கேட்டாங்க, நாங்களும் நம்புனோம்" என்றார். பிறகு, "எத்தனாம் நம்பர் பஸ்ஸு அங்க போவும்?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். வாசல் வரை கூடப் போய், பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.